வி.ஏ. கடிதம் வந்துவிட்டதா? சதவீதத்துக்கு முன்னால் தேதியைப் பாருங்கள்

"அண்ணே, எழுபது வந்துருச்சு!"

போனில் கத்தினான் அந்தப் பையன். மதுரைக்காரன். அமெரிக்க ராணுவத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். முதுகுவலி, காதிரைச்சல், மனஉளைச்சல் மூன்றுக்கும் சேர்த்து, வி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் முன்னாள் படைவீரர் நலத்துறை அவனுக்கு 70 சதவீதப் பாதிப்பு என்று போட்டிருந்தது. இந்தச் சதவீதத்தை வைத்துத்தான் மாதாமாதம் இழப்பீடு வரும்.

"சந்தோஷம்ப்பா. தேதி என்ன போட்டிருக்கு?"

"எந்தத் தேதி?"

"எஃபெக்டிவ் டேட்னு ஒண்ணு இருக்கும் பாரு."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "மார்ச் 20, 2024."

அவன் 'கிளெய்ம் போடப் போகிறேன்' என்று முன்கூட்டியே பதிவு செய்தது 2023 பிப்ரவரி 4. அந்தப் பதிவுக்கு ஆயுள் ஒரே ஒரு வருடம்தான். அதற்குள் முழு கிளெய்மையும் அனுப்பியிருக்க வேண்டும். இவன் அனுப்பியது 45 நாள் கழித்து. 13 மாதப் பணம் போயிற்று. தனி ஆளுக்கான 70 சதவீதத் தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் 21,000 டாலருக்கு மேல். வி.ஏ. போட்ட தேதியில் தப்பே இல்லை, அதனால் எதிர்த்துக் கேட்கவும் வழியில்லை.

நான் மாவ்னி திட்டத்தில் படையில் சேர்ந்தவன். 2008இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. விசாவில் வந்த பையன்கள் பலர் அப்படித்தான் சீருடை போட்டார்கள். அப்படிச் சேர்ந்து வெளியே வந்த நம்மவர்கள் இப்போது ஒவ்வொருவராக வி.ஏ. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கேள்வி கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சதவீதம் குறைந்தால் அதை அப்புறமும் ஏற்றலாம். தேதியைக் கோட்டை விட்டால் மீட்பது மகா கஷ்டம். இந்த வரிசையிலேயே கீழே இருப்பதைப் படியுங்கள்.

முதல் வேலை: கடிதத்தின் தேதியைக் காலண்டரில் குறியுங்கள்

கடிதத்தின் மேலே அச்சிட்ட தேதி ஒன்று இருக்கும். உங்களுக்கு எல்லாக் கெடுவும் அதிலிருந்துதான். உங்கள் கைக்கு என்று வந்தது, நீங்கள் என்று பிரித்தீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடம். அந்த ஒரு வருடத்துக்குள் நீங்கள் எந்த வழியில் மேலே போனாலும் பழைய அமல் தேதி உங்கள் கையில் இருக்கும். (எஃபெக்டிவ் டேட்டை இனி அமல் தேதி என்றே எழுதுகிறேன். எந்த நாளிலிருந்து உங்களுக்குப் பணம் சேர வேண்டும் என்று வி.ஏ. முடிவு செய்கிறதோ அந்த நாள்.)

நான் ஒரு வருடத்தைக் குறிப்பதில்லை. பத்தாம் மாதத்தைக் குறித்துக்கொள்வேன். கடைசி வாரத்தில் மருத்துவரிடம் கடிதம் கேட்டு அலைந்தவர்களைப் பார்த்துவிட்டேன்.

அடுத்து, கடிதத்தின் நடுப்பக்கங்கள். முதல் பக்கத்தில் மொத்தச் சதவீதமும் மாதத் தொகையும் கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து மகிழ்ந்தோ நொந்தோ முடித்துவிட்டு உள்ளே போங்கள். ஒவ்வொரு பாதிப்புக்கும் தனியாக என்ன சதவீதம், என்ன தேதி, எந்த ஆவணங்களைப் பார்த்தார்கள், ஏன் அதற்கு மேல் கொடுக்கவில்லை, அடுத்த சதவீதத்துக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் உள்ளேதான் இருக்கும். 'அடுத்த சதவீதத்துக்கு இன்னின்னது இருந்திருக்க வேண்டும்' என்கிற பத்தியைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். உங்கள் அப்பீலுக்கான வினாத்தாளை அவர்களே கையில் கொடுத்துவிட்டார்கள்.

'உங்களுக்குச் சாதகமான கண்டறிதல்கள்' என்று ஒரு பகுதியும் வரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அங்கே ஒப்புக்கொண்டதை அடுத்த நிலையில் இருப்பவர், அப்பட்டமான பிழை இருந்தாலொழிய, மறுக்க முடியாது. அதாவது அந்த விஷயத்தை நீங்கள் மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை.

பூஜ்யம் சதவீதம் என்று போட்டிருந்தால் தோற்றுவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். இந்தப் பாதிப்பு பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள், அளவுதான் போதவில்லை என்று அர்த்தம். பாதி மலை ஏறியாயிற்று.

சி-ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்

வி.ஏ. உங்களைப் பற்றி வைத்திருக்கும் முழுக் கோப்புக்கு சி-ஃபைல் என்று பெயர். 20-10206 என்ற படிவத்தில் கேட்கலாம். அதில் நீங்கள் தேடுவது இரண்டு. ஒன்று, பரிசோதனை அறிக்கை. சி அண்ட் பி என்று சொல்வார்கள். கடிதத்தில் அதன் சாரம்தான் வரும், மருத்துவர் என்ன டிக் அடித்தார் என்பது அறிக்கையில்தான் தெரியும். இன்னொன்று கோட்ஷீட். ஒவ்வொரு பாதிப்புக்கும் எந்தக் குறியீட்டு எண், எத்தனை சதவீதம், எந்த நாளிலிருந்து என்று ஒரே தாளில் இருக்கும்.

கோப்பு வரத் தாமதமாகலாம். அதற்காக அப்பீல் கெடுவை வி.ஏ. நிறுத்தி வைக்காது.

சதவீதம் தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

கூட்டாட்சி விதித்தொகுப்பின் 38ஆம் தலைப்பில் நான்காம் பகுதி என்று ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ரேட்டிங் போடுகிறவர் உங்கள் அறிக்கையை ஒரு கையிலும் அந்த அட்டவணையை மறு கையிலும் வைத்துக்கொண்டு பொருத்திப் பார்க்கிறார். அவ்வளவுதான் அவர் வேலை. அதையே நீங்களும் செய்து பாருங்கள்.

இடுப்பு முதுகை எடுத்துக்கொள்வோம். நேராக நின்று முன்னால் குனிய வேண்டும். முழுக்கக் குனிந்தால் 90 டிகிரி. 60க்கு மேல் 85 வரை குனிய முடிந்தால் 10 சதவீதம். 30க்கு மேல் 60 வரை என்றால் 20. 30 டிகிரியோடு நின்றுபோனால் 40. இதை அளக்க ஒரு கருவி உண்டு, பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் கிடந்த கோணமானியின் பெரியண்ணன் மாதிரி இருக்கும். மருத்துவர் அதை எடுத்து இடுப்பில் வைத்தாரா, கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதினாரா என்பதைக் கவனித்து, வீட்டுக்கு வந்ததும் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். பிறகு உதவும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. நல்ல நாளில் 65 டிகிரி குனிகிற அதே முதுகு, பிடித்துக்கொண்ட நாளில் 30ஐத் தாண்டாது. பரிசோதனை நடப்பது பெரும்பாலும் நல்ல நாளில்தான், பிடித்துக்கொண்டிருந்தால் நீங்கள் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கவே மாட்டீர்களே. இது நீதிமன்றத்துக்கும் தெரியும். 1995இல் டிலூக்கா வழக்கிலும், 2017இல் ஷார்ப் வழக்கிலும் சொன்னதன் சாரம்: வலி கூடும் நாட்களில் எவ்வளவு அசைவு குறைகிறது என்று மருத்துவர் கேட்டு, முடிந்த அளவு டிகிரியில் மதிப்பிட வேண்டும். 'இன்று வலி கூடியிருக்கவில்லை, அதனால் சொல்ல இயலாது' என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் அந்த அறிக்கை குறைபாடுள்ளது. அப்பீலில் முதலில் நீங்கள் தொடும் இடம் அது.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். என் முதல் பரிசோதனையில் மருத்துவர் கதவைத் திறந்தபடியே "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். நான் "நல்லா இருக்கேன், நன்றி" என்றேன். வேறென்ன சொல்வேன்? சாவுப் படுக்கையில் கிடந்தாலும் வந்தவரிடம் நல்லா இருக்கேன் என்று சொல்லித்தானே வளர்ந்திருக்கிறோம். அறிக்கை கைக்கு வந்தபோது முதல் வரியிலேயே இருந்தது: நலமாக இருப்பதாகத் தெரிவித்தார். மண்டியிடச் சொன்னார், பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டேன். வலிக்கும்போது முகத்தைச் சுளிக்காமல் இருப்பது நமக்குப் பெருமை. அவர் தாளில் அது 'வலியின் அறிகுறி இல்லை' ஆனது. அவர் பொய் எழுதவில்லை. நான் சொன்னதையும் காட்டியதையும்தான் எழுதினார்.

ஆகவே பரிசோதனைக்குப் போவதற்கு முந்தின இரவு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: மாதத்தில் எத்தனை நாள் முடியாமல் போகிறது, அப்போது என்ன செய்ய முடிவதில்லை (ஷூ லேஸ் கட்டுவது, குழந்தையைத் தூக்குவது, காரில் ஏறுவது), எத்தனை நாள் வேலைக்கு லீவு. கூட்டிச் சொல்ல வேண்டாம், மாட்டிக்கொள்வீர்கள். குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

மனநலப் பாதிப்புக்கு அளவுகோல் வேறு: 0, 10, 30, 50, 70, 100. நடுவில் படிகள் இல்லை. அட்டவணையில் வரும் அறிகுறிகள் உதாரணங்கள்தான், பட்டியலில் உள்ள எல்லாமே உங்களிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. வேலையிலும் வீட்டிலும் எவ்வளவு முடக்குகிறது என்பதுதான் கேள்வி. காதிரைச்சலுக்கு உச்சமே 10 சதவீதம், அதற்கு மேல் கேட்டு அப்பீல் போடுவது வீண். ஒற்றைத் தலைவலியில் ஆளைப் படுக்கையில் தள்ளும் தாக்குதல் சராசரியாக மாதம் ஒருமுறை வந்தால் 30. ஆகவே தலைவலிக்காரர்கள் ஒரு டைரி வைத்தே ஆக வேண்டும்.

இரண்டு சதவீதங்களுக்கு நடுவே உங்கள் நிலை ஊசலாடினால், மேல் சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதையே தர வேண்டும் என்பது விதி. சாட்சியம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கு. இவை இரண்டையும் அப்பீல் கடிதத்தில் ஒரு வரியாவது நினைவூட்டுங்கள்.

வி.ஏ. கணக்கில் 50ம் 30ம் 80 ஆகாது

மொத்தச் சதவீதத்தைப் பார்த்து 'கூட்டத் தெரியாதவனா போட்டான்?' என்று கேட்காதவர் கிடையாது. அவர்கள் கூட்டுவதில்லை. 50 சதவீதம் போனால் மீதி 50 சதவீத மனிதன். அந்த மீதியில் 30 சதவீதம் என்றால் 15. ஆக 65, அதைப் பத்தின் மடங்காக்கினால் 70.

இது ஏன் அப்பீலுக்கு முக்கியம் என்றால், எதற்காகச் சண்டை போடுவது என்று இதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். உங்களிடம் 50, 30, 10 இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 69, அதாவது 70. அந்தப் பத்தை இருபதாக்கப் போராடி ஜெயித்தால் 72 வரும். அப்போதும் 70தான். மாதத் தொகையில் ஒரு சல்லி ஏறாது. ஆனால் அதே இருபதை முப்பதாக்கினால் 76 ஆகி 80க்குத் தாவும். 2025ஆம் ஆண்டுத் தொகைப்படி தனி ஆளுக்கு 70 சதவீதம் 1,759.19 டாலர், 80 சதவீதம் 2,044.89. மாதத்துக்கு 285.70 டாலர் வித்தியாசம். கால்குலேட்டரை எடுக்காமல் அப்பீல் படிவத்தை எடுக்காதீர்கள்.

30 சதவீதத்தைத் தொட்டவர்கள் மனைவி, பிள்ளைகள், பராமரிப்பில் இருக்கும் பெற்றோருக்கும் கூடுதல் தொகை கேட்கலாம். ஊரில் இருக்கும் அப்பா அம்மா உங்கள் வருமானத்தை நம்பி இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

தேதி தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

அடிப்படை விதி: கிளெய்ம் வி.ஏ.வுக்கு வந்து சேர்ந்த நாள், தகுதி உண்டான நாள், இவற்றில் எது பிந்தியதோ அது. வலி 2015இல் தொடங்கியிருக்கலாம், மருத்துவமனைச் சீட்டு கைவசம் இருக்கலாம். 2024இல்தான் கேட்டீர்கள் என்றால் 2024தான். இதை எதிர்த்து அப்பீல் போட்டு ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

ஆனால் இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. உங்கள் கடிதத்தில் தேதி தப்பாக இருக்குமானால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்:

படையிலிருந்து வெளியே வந்த ஒரு வருடத்துக்குள் கிளெய்ம் போட்டிருந்தால், அமல் தேதி வெளியே வந்த நாளுக்கு மறுநாள். (இன்னும் பணியில் இருக்கிறவர்களுக்கு: வெளியேற 180 நாளிலிருந்து 90 நாள் வரை இருக்கும்போதே கிளெய்ம் போட்டுவிடலாம். போட்டுவிடுங்கள்.)

21-0966 படிவத்திலோ இணையத்திலோ 'போடப் போகிறேன்' என்று பதிந்து, ஒரு வருடத்துக்குள் முழு கிளெய்மும் போய்விட்டால், பதிந்த நாளே அமல் தேதி. அந்தப் பதிவுக்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மதுரைப் பையன் விட்டது இதைத்தான்.

ஏற்கெனவே இருக்கும் சதவீதத்தை உயர்த்தக் கேட்டவர்களுக்குத் தனி விதி. கேட்ட நாளுக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் நிலைமை மோசமானது ஆவணத்தில் தெளிவாகத் தெரிந்தால், மோசமான அந்த நாளுக்கே போகலாம். 2024 ஜூனில் கேட்டீர்கள், 2023 அக்டோபரில் பிசியோதெரபி குறிப்பில் முதுகு 30 டிகிரியோடு நின்றுபோனது பதிவாகியிருக்கிறது என்றால் அக்டோபரைக் கேளுங்கள். இதில் ஒரு வேடிக்கை: நிலைமை மோசமானது இரண்டு வருடத்துக்கு முன்பே என்று ஆவணம் காட்டினால் இந்தச் சலுகை கிடையாது, கேட்ட நாள்தான். தாமதமாகக் கேட்டதற்குத் தண்டனை போல.

சட்டம் மாறியதால் கிடைத்த பலன் என்றால், சட்டம் அமலான நாளுக்கு முன்னால் போக முடியாது. எரிகுழிப் புகை, நச்சுப்பொருள் தொடர்பான பாக்ட் சட்டம் 2022 ஆகஸ்ட் 10இல் கையெழுத்தானது. 2023 ஆகஸ்ட் 14க்குள் கிளெய்மோ முன்பதிவோ செய்தவர்களுக்கு அந்த 2022 ஆகஸ்ட் 10 வரை பின்னால் போக வழி இருந்தது. நீங்கள் அந்தக் கெடுவுக்குள் பதிந்திருந்தும் கடிதத்தில் பிந்திய தேதி இருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

இன்னொரு சின்ன விஷயம், இதனால் பலர் குழம்புகிறார்கள். அமல் தேதி மார்ச் 11 என்றால் பணம் ஏப்ரல் 1 முதல்தான் கணக்காகும். அடுத்த மாத முதல் நாள் என்பது சட்டம். அதை எதிர்த்துக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

மூன்று வழிகள், எதில் போவது

2017இல் இயற்றி 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மூன்று வழிகள் உண்டு. படைவீரர்கள் லேன் என்பார்கள். ஒரே பாதிப்பை ஒரே நேரத்தில் இரண்டு லேனில் ஓட்ட முடியாது. ஆனால் முதுகை ஒன்றிலும் முழங்காலை இன்னொன்றிலும் அனுப்பலாம், தடையில்லை.

கோப்பில் இருக்க வேண்டியது எல்லாம் இருக்கிறது, படித்தவர்தான் தப்பாகப் படித்தார் என்றால் ஹயர் லெவல் ரிவ்யூ. படிவம் 20-0996. மூத்த அதிகாரி ஒருவர் புதிதாகப் பார்ப்பார். புதுத் தாள் ஒன்றுகூடச் சேர்க்க முடியாது. முன்பதிவு இருந்தும் தேதி பிந்திப் போடப்பட்டது, அறிக்கையில் 30 டிகிரி என்றிருக்க 20 சதவீதம் போடப்பட்டது போன்ற பிழைகளுக்கு இதுதான் பொருத்தம். படிவத்திலேயே 'போனில் பேச வேண்டும்' என்ற கட்டத்தில் டிக் போடலாம். போடுங்கள். அந்த அழைப்பில் உங்கள் கஷ்டத்தைச் சொல்லி நேரத்தைக் கரைக்காதீர்கள். "இந்த அறிக்கை, இந்தப் பக்கம், இந்த எண், அட்டவணைப்படி இவ்வளவு வர வேண்டும்" என்று சொல்லுங்கள். பரிசோதனையே குறைபாடுள்ளது என்று அதிகாரி ஒப்புக்கொண்டால், சரிசெய்து வரும்படி திருப்பி அனுப்புவார். பெரும்பாலும் அப்போது புதுப் பரிசோதனை கிடைக்கும்.

நான் செய்த முட்டாள்தனம் இங்கேதான். 'நல்லா இருக்கேன்' அறிக்கையை வைத்துக்கொண்டு ஹயர் லெவல் ரிவ்யூ போட்டேன். கோப்பில் எனக்குச் சாதகமாக எதுவுமே இல்லாதபோது மூத்தவர் எதைப் பார்ப்பார்? மாதங்கள் போனதுதான் மிச்சம்.

கோப்பில் இல்லாத ஒன்று உங்களிடம் இருந்தால் சப்ளிமென்டல் கிளெய்ம். படிவம் 20-0995. புதியதாகவும் சம்பந்தப்பட்டதாகவும் ஒரு சாட்சியமாவது வேண்டும். வெளி மருத்துவரின் கடிதம், தலைவலி டைரி, மனைவியோ கூட வேலை செய்கிறவரோ எழுதிய சாட்சிக் கடிதம் (அதற்கு 21-10210), எதுவானாலும் சரி. என் மனைவி எழுதியது அரைப் பக்கம்தான்: காலையில் படுக்கையை விட்டு எழ நான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொள்கிறேன், மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குகிறேன், துணிக்கூடையைத் தூக்குவதில்லை. 'மிகவும் சிரமப்படுகிறார்' என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது பரிசோதனையில் மருத்துவர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டார்.

மூன்றாவது போர்டு அப்பீல். படிவம் 10182. வாஷிங்டனில் இருக்கும் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதி ஒருவர் பார்ப்பார். அதற்குள்ளும் மூன்று கிளை: இருப்பதை மட்டும் பார்ப்பது, 90 நாளுக்குள் புதுச் சாட்சியம் சேர்ப்பது, நேரில் அல்லது வீடியோவில் விசாரணை. விசாரணை கேட்டால் வருடக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள். சட்டத்தைப் பொருள்கொள்வதில்தான் தகராறு என்றால் மட்டும் நேராக இங்கே போங்கள். மற்றபடி கீழேயே முடியக்கூடியதை மேலே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஹயர் லெவல் ரிவ்யூவில் தோற்றால் மறுபடியும் அதே ரிவ்யூ கேட்க முடியாது, சப்ளிமென்டலோ போர்டோதான். ஒவ்வொரு முடிவுக்குப் பிறகும் ஒரு வருடத்துக்குள் அடுத்த படியை எடுத்துக்கொண்டே போனால் முதல் கிளெய்மின் தேதி உயிரோடு இருக்கும். மூன்று வருடம் கழித்து ஜெயித்தாலும் அரியர்ஸ் முதல் நாளிலிருந்து வரும்.

போர்டும் கைவிட்டால், 120 நாளுக்குள் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம். கவனியுங்கள், இங்கே ஒரு வருடம் இல்லை, 120 நாள். கட்டணம் 50 டாலர், கட்ட முடியாதவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. ஜெயித்தால் வழக்கறிஞர் செலவை அரசாங்கமே தரும்படி ஒரு சட்டம் இருப்பதால், இந்தக் கட்டத்தில் உங்களிடம் காசு கேட்காமல் வாதாட வழக்கறிஞர்கள் கிடைப்பார்கள்.

அப்பீல் போட்டால் இருப்பதும் போய்விடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சதவீதத்தைத் திரும்பப் பார்க்கச் சொன்னால் குறையவும் வாய்ப்பு உண்டு என்பது நிஜம். ஆனால் மாதத் தொகை குறைவதாக இருந்தால் முன்னறிவிப்புக் கொடுத்து, பதில் சாட்சியம் தர 60 நாள் அவகாசம் தர வேண்டும். 20 வருடம் தொடர்ந்து இருந்த சதவீதத்தை, மோசடி இருந்தாலொழிய, தொட முடியாது.

ஒரு வருடம் தாண்டிவிட்டால்

சப்ளிமென்டல் கிளெய்மை எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஆனால் தேதி புதிதாகத் தொடங்கும். 'சதவீதம் சரி, தேதியை மட்டும் முன்னால் தள்ளுங்கள்' என்று வருடம் கழித்துத் தனியாகக் கேட்க முடியாது என்று 2006இல் ரட் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு இடுக்குகள்தான் மிச்சம்.

ஒன்று கியூ. தெளிவான, மறுக்க முடியாத பிழை. காலவரம்பு கிடையாது. ஆனால் அன்று கோப்பில் இருந்ததையும் அன்றைய சட்டத்தையும் மட்டும் வைத்து, இந்தப் பிழை இல்லாவிட்டால் முடிவு நிச்சயம் மாறியிருக்கும் என்று காட்ட வேண்டும். 'மருத்துவர் சரியாகப் பரிசோதிக்கவில்லை', 'சாட்சியத்துக்குப் போதிய மதிப்புத் தரவில்லை' என்பதெல்லாம் கியூ ஆகாது. முன்பதிவு கோப்பிலேயே இருந்து அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் முயற்சி செய்யலாம்.

இன்னொன்று, முதல் முடிவின்போதே இருந்தும் கோப்புக்கு வந்து சேராத ராணுவ ஆவணம். பிரிவின் தினப்பதிவு, களத்தில் சிகிச்சை பெற்ற சீட்டு போன்றவை பின்னால் வந்து சேர்ந்து, அதன் அடிப்படையில் வி.ஏ. ஒப்புக்கொண்டால், முதல் கிளெய்ம் தேதிவரை திரும்பிப் போக இடமுண்டு. கூடப் பணிபுரிந்தவர்களிடம் பழைய தாள்கள் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

யாரிடம் உதவி கேட்பது

அமெரிக்கன் லீஜன், டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற அலுவலர்கள் ஒரு காசு வாங்காமல் செய்து தருவார்கள். 21-22 படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். அவரிடமும் 'பார்த்துக்குங்க சார்' என்று விட்டுவிடாதீர்கள். அவர் கையில் நூற்றுக்கணக்கான கோப்புகள், உங்களிடம் ஒன்றே ஒன்று.

வழக்கறிஞர்கள் முதல் கிளெய்முக்குக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. முதல் முடிவு வந்த பிறகு வாங்கலாம். அரியர்ஸில் 20 சதவீதம் வரை நியாயம் என்று எடுத்துக்கொள்வார்கள், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமற்றது என்று. 'நூறு சதவீதம் வாங்கித் தருகிறோம், ஏறுகிற மாதத் தொகையில் ஐந்து மடங்கு கொடுங்கள்' என்று போன் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அங்கீகாரமே இருக்காது. வி.ஏ. இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும்.

கடைசியாக, ஊருக்குத் திரும்பிவிட்டவர்களுக்கு. இந்தியாவில் இருந்தாலும் இழப்பீடு நிற்காது, அப்பீலும் போடலாம். வி.ஏ. கணக்கில் முகவரியை மாற்ற மட்டும் மறக்காதீர்கள். டெக்சாஸ் அபார்ட்மென்டுக்குப் போன கடிதம் கோயம்புத்தூருக்கு வந்து சேர நாலு மாதமான கதை எனக்குத் தெரியும். அந்த நாலு மாதமும் கெடு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மதுரைப் பையன் இப்போது முழங்காலுக்குத் தனியாகக் கிளெய்ம் போடப் போகிறான். முன்பதிவைச் செய்துவிட்டு எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். பதிவுத் தேதியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான்.